சாரலும் தவணையும்

குற்றாலத்தை ஊர்க்காரன் மாதிரி பார்க்க வேண்டும் என்றார் ஒரு வெளியூர் நண்பர். கூட்டம் சேராத விடிகாலை, பேரருவியை விட்டு ஐந்தருவி என்று சொன்னேன். சொன்னதெல்லாம் நிஜம்; ஆனாலும் ஏமாற்றிவிட்ட உறுத்தல்.

தென்காசியில் என் வங்கிக் கவுண்டருக்கு ஜூன் மாதம் வரும் விவசாயி, 'சாரல் இன்னும் பிடிக்கலியே, சார்' என்கிறார். அருவி நீர்தான் சிற்றாறாகிக் கார் நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. அவர் வாக்கியத்துக்குள் பயிர்க்கடன் தவணை இருக்கிறது. அருவியில் குளித்துப் பல வருஷமாயிற்றாம்.

சாரல் பொய்த்தால் நஷ்டம் தனக்கு என்ற நிலையிலிருந்து பிறப்பது ஊர்க்காரனின் பார்வை. நஷ்டத்தில் பங்கு வேண்டாம், பார்வை மட்டும் வேண்டும் என்பதில் நேர்மை இல்லை. சாரல் பொய்த்தாலும் சம்பளம் வாங்கிவிடுகிற நானும் இங்கே வெளியூர்க்காரன்தான்.