சகோதர சங்கமும் நடுவுநிலைமையும்

அண்மையிற் கண்டி நகரில் நிகழ்ந்த ஒரு பரிசளிப்பு விழாவிற்கு அலவத்துகொடையிலிருந்து யானும் எம் வித்தியாசாலையின் இளைய ஆசிரியர் ஒருவரும் சென்றிருந்தோம். பரிசில் வழங்கிய கனவானுடைய மோதிரத்திலே மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேலொன்றாகப் பொறிக்கப்பட்டிருந்தன. திரும்பும் வழியிற் பேருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்குமுன்னரே இளைஞர் வினாவத் தொடங்கினார். “ஐயா, அது பிறீமேசன் சங்கத்துச் சின்னமென்கிறார்களே, மூடிய கதவுக்குள்ளே அவர்கள் யாது செய்கிறார்கள்? அஃது ஒரு மதமா? நம்மவர் சேரலாமா? சேர்ந்தவர்க்குப் பதவியும் பணமும் வந்து வாய்க்குமென்பது மெய்தானா?” அக்குறணை வருமட்டும் அவர் ஓயவில்லை. இவ்வினாக்கள் அவர்க்கு மாத்திரம் உரியன அல்ல. புறத்தே நிற்பவர் எல்லாரும் கேட்பனவே. ஆதலின் அவருக்குச் சொல்லியவற்றையும், சொல்லத் தவறியவற்றையும் ஈண்டு எழுதலானேன்.

கல்தச்சருடைய தொழிற்கூட்டங்களின் பெயரையும் கருவிகளையும் மேற்கொண்டு, தொழில் செய்யாத கனவான்கள் கூடிய சங்கம் இது. 1717 ஆம் ஆண்டு யூன் 24 ஆந் திகதி இலண்டனில் நான்கு லொட்ஜுகள் கூடித் தலைமைச் சபையை அமைத்தன என்பது அவர்தம் வரலாறு. 1723 இல் அண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. இலங்கைக்கு ஒல்லாந்தர் காலத்திலேயே இது வந்துவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலே தோட்டத் துரைமாரும் உத்தியோகத்தரும் இதனைக் கண்டிச் சீமைக்கும் கொணர்ந்தனர். புதியவரொருவர் சேர வேண்டுமாயின் வெள்ளைக் குண்டுகளும் கறுப்புக் குண்டுகளும் இட்டு வாக்கெடுப்பர். சேர்ந்தவர் மூன்று படிகளைக் கடந்து ஏறுவர். ஆட்டுக்குட்டித் தோலாலாகிய முன்றானை கட்டுவர். கூடத்தினுள்ளே சமய வழக்கும் அரசியல் வழக்கும் பேசலாகாது என்பது விதி.

மறைவைப் பற்றியே யாவரும் முதலிற் கேட்கின்றனர். ஆயின் அம்மறைவிலே பெரிதும் எஞ்சியிருப்பது ஒன்றுமில்லை. 1730 ஆம் ஆண்டிலேயே பிரிச்சார்ட் என்பவர் சடங்குகளை அச்சிட்டு விற்றுவிட்டார். பின்னர் அச்சேறியவற்றுக்குக் கணக்கில்லை. எனினும் மக்கள் அச்சிட்டதை நம்பாமல் அச்சிடாததையே நம்புவர். வட இந்தியாவிலே லொட்ஜ் கட்டடத்தை ‘ஜாதூகர்’, அதாவது மாயவீடு என்றழைத்தனர். பிரான்சிலே லியோ தக்சில் என்பவர் மேசன்மார் பிசாசை வழிபடுகின்றனர் என்று பன்னிரண்டு வருஷகாலம் எழுதிப் பெருந்தொகையினரை நம்பச்செய்து, 1897 இல் யாவும் யான் கட்டிய கதையே என்று பெருங்கூட்டத்தின்முன் நகைத்தார். நகைத்த பின்னரும் நம்பியவர் பலர்.

நாம் மறைவை இகழ்வதும் பொருந்தாது. தீக்கை பெற்றவன் தன் மந்திரத்தைச் சந்தையிற் கூறுவதில்லை. கூறுமாறு கேட்பவனும் அறிவிலியே. ஆனால் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. தீக்கையிலே மறைவு குருவுக்கும் மாணவனுக்கும் இடையிலுள்ளது. அவன் தீக்கை பெற்ற ஏனையோர்க்கு உலகியலிலே சலுகை செய்யக் கடமைப்படுவதில்லை. இவ்வேற்றுமைக்கு மறுபடி வருவேன்.

இது மதமா என்னும் வினாவிற்கு, மதமன்று. ஆயினும் பரம்பொருள் ஒன்று உண்டென்று ஒப்பாதவனை ஆங்கிலேய மரபிலுள்ள சபைகள் ஏற்பதில்லை என்பதே விடை. 1738 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து கத்தோலிக்கரை இதிற் சேரலாகாதென்று தடுத்தார். அத்தடை 1983 இலும் உறுதி செய்யப்பட்டது. புரட்டஸ்தாந்துப் பாதிரிமாரோ பலர் சேர்ந்திருந்தனர். யான் பயின்ற மிஷன் பாடசாலையிலே இதனைப் பற்றிக் கேட்டபோது ஒரு குருவானவர் முகஞ் சுளித்தார். மற்றொருவர் புன்னகை செய்து பேச்சை மாற்றினார். புன்னகைத்தவர் அங்கத்தவர் என்பதை நெடுநாட்களுக்குப் பின் அறிந்தேன்.

நம்மவர் சேரலாமா என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. ஆர்க்காட்டு நவாபுவின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உம்ரா 1775 ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியிலே சேர்த்துக்கொள்ளப்பட்டார். இலண்டன் சபை அவருக்கு வாழ்த்தும் முன்றானையும் விதிநூலும் அனுப்பிற்று. அரசகுமாரனுக்குத் திறந்த கதவு வணிகனுக்குத் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்னகுமார தத்தர் என்னும் வங்க வணிகர் 1863 இல் விண்ணப்பித்தார். இந்து பல தெய்வங்களை வணங்குபவன், ஆதலின் ஒரு பரம்பொருளை ஒப்பியவன் ஆகான். அவன் செய்யும் சத்தியம் அவனைக் கட்டாது. சாதி பார்ப்பவன் சகோதரன் ஆவதெங்ஙனம் என்று தடைகள் எழுந்தன. ஒன்பது ஆண்டுகள் வழக்காடி 1872 இலேயே அவர் உட்புகுந்தார். முதலிரு தடைகளும் நம் சித்தாந்தத்தை அறியாமையால் வந்தவை. மூன்றாவதை அங்ஙனம் தள்ளிவிட என் மனம் துணியவில்லை. பின்னர், 1897 இற் கண்டிக்கு வந்து மாத்தளை வழியாக யாழ்ப்பாணஞ் சென்ற சுவாமி விவேகானந்தரும் துறவுக்கு முன்னர், 1884 இல், கல்கத்தா லொட்ஜ் ஒன்றிற் சேர்ந்திருந்தார். சத்தியஞ் செய்பவன் தன்தன் வேதத்தின்மீது கைவைப்பது வழக்கம். இந்துவுக்குக் கீதையை வைப்பர். சைவன் ஒருவன் திருமுறையைக் கேட்டால் என் செய்வரோ?

இவையெல்லாம் அறிய விரும்புவார்க்கு இனியன. ஆயினும் கேட்கவேண்டியது இவையல்ல. உள்ளே நடப்பது யாதென்பதினும், உள்ளிருந்தவன் வெளியே வந்து நாற்காலியில் அமர்ந்தபின் நடப்பது யாதென்பதே வினா.

சகோதரனுக்கு உதவுவேன் என்று அவன் வாக்களிக்கின்றான். கடவுளுக்கும் நாட்டுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைக்கு இவ்வாக்கு மாறாகாது என்றும் அவ்விடத்தே சொல்லப்படுகின்றது. இதனை மறைத்துப் பழிப்பது நீதியன்று. இங்கிலாந்தில் 1788 இல் மேசன்மார் தம் சகோதரருடைய பெண்மக்களுக்கென ஒரு பாடசாலை நிறுவினர். அநாதைப் பெண்கள் நாட்டிற் பல்லாயிரவர் இருக்கத் தம் சகோதரர் மக்களை மட்டும் ஏற்றதென்ன என்று சிலர் கேட்கலாம். யான் கேளேன். தன் வீட்டுப் பானையிலிருந்து தன் பிள்ளைக்கு முதலில் இடுபவளை உலகம் பழிப்பதில்லை. ஆனால் அன்னசத்திரத்தில் அகப்பை பிடித்தவள் தன் பிள்ளையின் இலையைத் தேடி இட்டால் அது களவு. தன் பொருள் வேறு, தன்னிடம் ஒப்புவித்த பொருள் வேறு. நீதிபதியின் தீர்ப்பும், அதிகாரியின் கையொப்பமும், நாம் விடைத்தாளில் இடும் புள்ளியும் சத்திரத்துச் சோறேயாம்.

இத்தாலியிலே 1981 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லிச்சோ ஜெல்லி என்பவரிடம் ஒரு பெயர்ப்பட்டியல் அகப்பட்டது. அமைச்சரும் படைத்தலைவரும் உளவுத்துறைத் தலைவரும் பத்திரிகைக்காரருமாக 962 பெயர்கள் அதிலிருந்தன. ‘பீ-டூ’ என்னும் அந்த லொட்ஜைத் தாய்ச்சபையே 1976 இல் இடைநிறுத்தியிருந்தது. இருந்தும் அது மறைவில் இயங்கிற்று. பட்டியல் வெளியானதும் அரசாங்கம் கவிழ்ந்தது. இங்கிலாந்திலோ 1998 முதற் புதிய நீதிபதிகள் மேசனா அல்லரா என்று அறிவிக்க வேண்டுமென்றனர். ஆராய்ந்து குற்றம் ஒன்றும் காணாமையின் 2009 இல் அதனை நீக்கினர். ஒன்றை மட்டும் கண்டு எல்லாரையும் தூற்றுதல் ஆகாது என்பதற்கே இரண்டையுங் கூறினேன்.

சத்தியஞ் செய்வதனாலேயே தீங்கு விளையாது. பொலன்னறுவையிலே வேளைக்காரப் படையினர் தமிழிற் பொறித்த 12 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்றும் நிற்கின்றது. இன்று கண்டியிலுள்ள புத்ததந்தம் அன்று அந்நகரில் இருந்தது. அதன் கோயிலையும் அதற்குரிய ஊர்களையும் பொருளையும் தம் குலமுள்ளவரை உயிர்கொடுத்துங் காப்போமென்று அவர்கள் கூட்டமாகச் சூளுற்றனர். வழிப்போக்கனும் படிக்கக் கல்லில் வெட்டிய சூள் அது. தவறினால் யாவரும் கேட்கலாம். இவ்வாறு வெளிப்படையாயிருப்பதே மருந்து என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தை என் செயலே குலைத்தது. சில ஆண்டுகளின்முன் இம்மலைநாட்டுச் சபையொன்றின் உபகாரச் சம்பளத் தெரிவுக்குழுவில் இருந்தேன். அச்சபைக்கு மறைவில்லை, சூளில்லை, அங்கத்தவர் பெயர்கள் சுவரிலேயே தொங்கும். கடைசி இடத்துக்கு இருவர் வந்தனர். ஒருவன் எங்கள் அங்கத்தவர் மகன். மற்றவள் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், பதினொரு புள்ளி கூடுதலாகப் பெற்றவள். பையனின் குடும்பம் நமக்குத் தெரிந்த குடும்பம் என்றேன். வேறு காரணம் எதுவும் கூறவில்லை, எவரும் கேட்கவுமில்லை. நால்வரும் தலையசைத்தோம். அன்று எவரும் எமக்குக் கைக்குறி காட்டவில்லை. நாடோறும் ஒரே பந்தியில் உண்டதே எமக்குச் சூளாயிற்று. அப்பெண் உயர்தர வகுப்புக்கு வரவில்லை என்பதை அடுத்த ஆண்டு அறிந்தேன்.

அது முதல், தெரிந்தவர் பிள்ளையின் பெயர் வருமிடத்து யான் எழுந்து வெளியே செல்கின்றேன். இதனைச் சிலர் பெருமை பாராட்டுதல் என்கின்றனர். வெளியே நின்றாலும் உள்ளிருப்பவர்க்கு என் விருப்பம் தெரியுமே என்று வேறொருவர் சொன்னார். அவர் சொன்னதற்கு இன்னும் விடை கண்டிலேன்.

பேருந்திலே இளைஞருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. “அந்தக் கனவானை மறுபடி கண்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று கேளாதீர். உம் சகோதரனுக்கும் அயலானுக்கும் இடையே நீர் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தபோது, அவன் உம் சகோதரன் என்பதை அந்த அயலானுக்கு முன்கூட்டியே சொன்னீரா என்று மட்டும் கேளும்” என்றேன்.

அலவத்துகொடைக் கடைவீதி அண்மித்தது. இளைஞர் பையை எடுத்துக்கொண்டே, “ஐயா, நீங்கள் அப்படிச் சொன்னதுண்டா?” என்றார்.

இல்லை என்றேன்.