காய்ச்சலோடு வேலைக்குப் போவது புண்ணியமா?



நம் கரிசல் சீமையில் சுகவீனத்துக்கு லீவு என்பது பெரும்பாலோர் கண்டறியாத சங்கதி. பருத்தி வெடித்து நிற்கும்போது காய்ச்சல் என்று படுத்தால் காடு காத்திருக்குமா? தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணுக்கு எத்தனை கட்டை அடுக்கினாளோ அத்தனைக்குத்தான் கூலி. அன்று போகவில்லையென்றால் அன்று அடுப்பு எரிவது சந்தேகம். ஆகையால் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனைக் கெட்டிக்காரன் என்று மெச்சுகிறோம். படுத்துவிட்டவனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம். மழையை நம்பிப் பிழைக்கிற பூமியில் இந்த வழக்கம் வேரூன்றியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் இதே தராசைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் தூக்கிப் பிடிக்கலாமா? கொள்ளை நோய்க் காலத்தில் காய்ச்சல் கண்ட ஒரு நர்சு, வார்டில் ஆள் குறைவு என்று தெரிந்தும் வீட்டில் படுத்துக்கொண்டால் அவள் கடமை தவறியவளா? அல்லது படுக்காமல் போனால்தான் தவறியவளா? நம் பங்கிலும் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற பிள்ளைகளையுடைய வீடுகள் உண்டு. ஆகவே இது ஊரார் விஷயமன்று, நம் வீட்டு விஷயம்.

காய்ச்சலோடு களை எடுக்கிறவள் தன் உடம்பைத்தான் வருத்திக்கொள்கிறாள். பருத்திச் செடிக்குக் காய்ச்சல் ஒட்டாது. காய்ச்சலோடு பிரசவ வார்டுக்குப் போகிறவளின் காரியம் அப்படியா? எட்டையபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யார்? சர்க்கரை வியாதிக்காரர், மூச்சிரைப்புக்காரக் கிழவர், நிறைமாதக் கர்ப்பிணி. திடகாத்திரமான ஒருவருக்கு நான்கு நாள் இருமலாகப் போகிற தொற்று இவர்களுக்கு உயிருக்கே உலை வைக்கும். கொரோனாக் கிருமியோ, இருமலும் சுரமும் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவரிடம் தாவிவிடக் கூடியது. முகக்கவசம் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. தெரியாமல் பரப்பினவர் மேல் குற்றம் சுமத்த யாருக்கும் நியாயமில்லை. தெரிந்த பிறகு போவது வேறு. ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மட்டும் எழுதப்பட்டதென்று நினைத்துவிடலாகாது.

இங்கே சிலர் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தை எடுத்து நீட்டுவார்கள். நல்லது, பார்ப்போம். அர்ச். ஞானப்பிரகாசியார் 1591-ல் ரோமாபுரியில் கொள்ளை நோய் பரவியபோது நோயாளிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதே நோய் தொற்றி, அவ்வருஷம் ஜூன் 21-ந் தேதி, 23-ம் வயதில் இறந்தார். தமியான் சுவாமியார் 1873-ல் மொலக்காய்த் தீவுக்குக் குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்யப் போனார். தமக்கும் அந்த ரோகம் கண்டதென்று அறிந்த பின்னும் வேலையை விடாமல் 1889-ல் அங்கேயே மரித்தார். இவர்கள் பணயம் வைத்தது எதை? தங்கள் சொந்த உயிரை. தமியான் சுவாமியார் ரோகத்தோடு உழைத்தார் என்றால், அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஏற்கனவே அதே ரோகம் கண்டவர்கள். அவருடைய நோயால் அவர்களுக்குப் புதிதாக வர ஒன்றுமில்லை. சுரத்தோடு குழந்தைகள் வார்டுக்குள் நுழைகிறவரோ தமது உயிரைக் கொடுக்கவில்லை, தொட்டிலில் கிடக்கிற பிறத்தியார் பிள்ளையின் உயிரைக் கொடுக்கிறார். அதைத் தானம் செய்ய அவருக்கு யார் உரிமை கொடுத்தது? இரண்டையும் தியாகம் என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுவதால்தான் குழப்பமெல்லாம் வருகிறது.

ஆக, படுத்துக்கொள்வது கடமை என்று சொல்லிவிடலாம். சொல்வது சுலபம். அந்தக் கடமைக்கு யார் கூலி கொடுப்பது?

2020 மார்ச் 22-ந் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் வாசலில் நின்று, கை தட்டி, தட்டுகளைத் தட்டி, மருத்துவ ஊழியருக்கு நன்றி சொன்னோம். அம்மாதம் 30-ந் தேதி முதல், கொரோனா நோயாளிகளைக் கவனித்து அந்த நோயால் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு 50 லட்ச ரூபாய் என்று மத்திய சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தியது. தகப்பனையோ தாயையோ இழந்த குடும்பத்துக்கு அது பெரிய உதவி, குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் செத்தால்தான் அந்தப் பணம். பதினான்கு நாள் படுத்து எழுந்தவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. அவ்வருஷம் மே 15-ந் தேதி வந்த சுகாதார இலாகாக் குறிப்போ, கவச உடையின்றி நெருங்கிப் பழகியது போன்ற பெரிய ஆபத்துக்கு ஆளானவர்கள் மட்டும் தனித்திருந்தால் போதும் என்றது. டாக்டர் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஜூன் 17-ல் ஊழியரின் சம்பளத்தையும் தனித்திருக்கும் வசதியையும் குறித்து உத்தரவு பிறந்தது. அதன் பின்னும், தனித்திருந்த நாட்களை லீவாக எழுதிச் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள் என்ற முறையீடு ஜூலை 31-ல் மறுபடியும் அதே கோர்ட்டுக்கு வந்தது. அப்படிச் செய்வது தகாது, அதைச் சரிப்படுத்துங்கள் என்று நீதிபதிகள் மத்திய சர்க்காரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. கை தட்டி நான்கு மாதம்கூட முழுசாய்க் கழிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

இதில் இன்னொரு பேதமும் உண்டு. ஒரே வார்டில் மூன்று பேர் ஒரே நாளில் சுரம் கண்டு படுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர உத்தியோகத்திலுள்ள நர்சு டாக்டர் சர்டிபிகேட்டைக் கொடுத்து லீவு பெறுவார். தொகுப்பூதியத்தில் இருக்கிற நர்சு, லீவு போட்டால் அடுத்த முறை வேலையை நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்று யோசிப்பார். அந்தப் பயம் வெறும் பிரமை என்று சொல்ல முடியாது. கொரோனாக் காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளுக்கு, 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை முடிந்ததென்று நம் மாகாணத்தில் சொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மூன்றாவது ஆள், கான்ட்ராக்ட் கம்பெனி மூலம் வந்து தரையைத் துடைத்து, இரத்தத் துணியை அள்ளுகிறவள். வராத நாளுக்குச் சம்பளமில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம். இ.எஸ்.ஐ. பதிவு ஒழுங்காக இருந்து, சந்தா கட்டிய நாட்கள் போதுமானால், சுகவீன நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்க வழியுண்டு. பதிவு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாமலிருப்பதுதான் சங்கடம். (உங்கள் வீட்டில் மில்லுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் இருந்தால், அந்த நம்பரை இன்றைக்கே கேட்டுவையுங்கள்.) மூவருக்கும் வியாதி ஒன்று, படுக்கைக்கு விலை மூன்று. இருமலை விழுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கையில் எடுக்கிறவளைப் பார்த்து, நீ கொலைக் குற்றவாளி என்று பிரசங்கம் செய்வது நியாயமா? படுத்தால் பட்டினி என்று ஏற்பாடு செய்தவர்களின் கணக்கில் அந்தப் பாவத்தின் பெரும்பங்கு எழுதப்பட வேண்டும் என்பதே என் எண்ணம். நல்ல சமாரியன்கூடச் சத்திரக்காரனிடம் சும்மா பார்த்துக்கொள் என்று சொல்லவில்லையே. இரண்டு வெள்ளிக்காசை எடுத்து முன்னதாக வைத்துவிட்டல்லவா போனான்?

ஆள் பற்றாக்குறை என்ற கஷ்டம் மெய்யானது. எல்லோரும் படுத்துவிட்டால் நோயாளியை யார் பார்ப்பது? 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியபோது பிரான்சு தேசத்திலும், கனடாவில் கியூபெக் மாகாணத்திலும், தொற்று இருந்தும் உடம்பு தெம்பாயிருந்த ஊழியர் சிலரை வேலை செய்ய அனுமதித்தார்கள். வேறு கதியில்லாத இடத்தில், ஏற்கனவே அதே தொற்று உள்ளவர்களின் வார்டில் மாத்திரம் என்றால், தமியான் சுவாமியார் விஷயத்தில் சொன்ன நியாயம் இதற்கும் ஒருவாறு பொருந்தும். ஆனால் வருஷக்கணக்காய்க் காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருந்து, வெள்ளம் வந்த பிறகு காய்ச்சல்காரியின் மனச்சாட்சியைப் பிடித்து உலுக்குவது வேறு வகை. அதற்கு இந்த நியாயம் உதவாது.

பயத்தினால் லீவு போட்டவர்களும் இருந்தார்கள். வியாதி இல்லாமலே வியாதி என்று எழுதிக் கொடுத்தால் அது பொய். அந்தப் பொய்யின் பாரம் இரண்டு ஷிப்டு நிற்கிற தோழியின் தலையில் விழுகிறது. அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. கவச உடை கொடுக்காமல் உள்ளே போ என்று சொல்லப்பட்டவர், கர்ப்பமாயிருந்தவர், வீட்டில் மூச்சுவிடத் திணறும் தாயாரை வைத்திருந்தவர் பயந்தார்கள் என்றால், அதைக் கோழைத்தனம் என்று நான் எழுதமாட்டேன். அவர்கள் பொய் சர்டிபிகேட்டைத் தேடாமல் மேலதிகாரியிடம் உள்ளதைச் சொல்லக் கூடியதாயிருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல். இராத்திரி டியூட்டி, வார்டில் ஒரே நர்சு, மணி இரண்டு. அவளுக்குக் குளிர் காய்ச்சல் ஆரம்பிக்கிறது. மாற்று ஆள் காலையில்தான். அவள் போய்விடலாமா? போகலாகாது. முப்பது நோயாளிகளைக் கவனிப்பாரின்றி விடுவது காய்ச்சலைவிடக் கொடியது. உடனே டியூட்டி டாக்டருக்குச் சொல்லி ஆள் கேட்கட்டும். நல்ல முகக்கவசத்தை இறுக்கிப் போட்டு, கையைக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, அவசரமான ஊசியும் மருந்தும் தவிர மற்றதற்கு ஒருவரையும் நெருங்காமல் இருக்கட்டும். மாற்று ஆள் வந்து கணக்கை வாங்கிக்கொண்ட நிமிஷத்தில் அவள் கடமை முடிந்தது. பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும். வாசலில் கோலம் போடுகிற அடுத்த வீட்டு அம்மாள், "என்ன, இன்றைக்கு வேலைக்குப் போகலியா?" என்று கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை, கொஞ்சம் கஞ்சி கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம்.