எங்கிருந்து வந்த காசு?



2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் ஏலம் ஒன்றில் ஒரு பொற்காசு விலைபோயிற்று. அதன் எடை சுமார் எட்டுக் கிராம். நம் தட்டான் கடைக் கணக்கில் சரியாக ஒரு பவுன். அதற்கு விழுந்த விலையோ 32 லட்சத்து 40 ஆயிரம் பிரிட்டிஷ் பவுண்டு, அன்றைய நம் பணத்தில் ஏறக்குறைய 31 கோடி ரூபாய். சுத்தியல் விழுந்தபோது தொகை 27 லட்சம்தான். ஏலம் எடுத்தவர் கட்ட வேண்டிய தரகு நூற்றுக்கு இருபது வீதம் அதன்மேல் ஏறிற்று.

அது ரோமாபுரியின் புரூட்டஸ் வெளியிட்ட காசு. கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றவர்களில் ஒருவன் அவன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தன் படைகளுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக இதை அச்சடித்தான். தலைப்பக்கத்தில் அவன் முகம். பூப்பக்கத்தில் இரண்டு குத்துவாள். நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. அடியில் அந்த மார்ச் நாளின் பெயர். கொலையைப் பெருமையாகக் காசிலே பொறித்தவன் வேறு யார் இருக்கிறான்? தங்கத்தில் இவ்வகைக் காசு உலகில் மூன்றே தெரியும். விலையின் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கிரேக்க, ரோமக் காசுகளுக்கு விலை கூறுகிறவர்கள் உலோகத்தை அதிகம் பார்ப்பதில்லை. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அச்சு நடுவில் விழுந்ததா ஓரம் சரிந்ததா, பொறித்த சிற்பியின் கை எத்தகையது, எடை குறைந்திருக்கிறதா என்பவற்றையே பார்க்கிறார்கள். அத்தேனே பட்டணத்து ஆந்தைக் காசு 17 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நல்ல வெள்ளி. ஆயிரக்கணக்கில் கிடைப்பதால் அதன் விலை ஓரளவில் நின்றுவிடுகிறது. இவற்றோடு கதையும் விலை ஏற்றும். வரி கொடுப்பது பற்றிச் சேசுநாதரைச் சிக்கவைக்க வந்தவர்கள் காட்டிய தெனாரியம் நினைவிருக்கிறதல்லவா? அது தீபேரியு இராயனின் வெள்ளிக்காசு என்று வியாபாரிகள் பெயர் கட்டி விற்கிறார்கள். அதே காலத்து வேறு தெனாரியத்தைவிட இதற்கு விலை அதிகம். சுவிசேஷத்துக்கும் சந்தையில் ஒரு வட்டி உண்டு போலும்!

இவ்வளவு பணத்தை ஒரு காசுக்குக் கொட்டுவது பாவமா என்று சிலர் கேட்பீர்கள். காசு சேர்ப்பதே குற்றமென்று நான் சொல்லமாட்டேன். வத்திக்கான் நூலகத்திலேயே புகழ்பெற்ற பழங்காசுச் சேகரிப்பு இருக்கிறது. அறிவுள்ள இருவர் ஒரு பொருளுக்குப் போட்டியிட்டு விலை கூறினால் அதில் யாரும் ஏமாற்றப்படுவதில்லை. தருமம் செய்யவேண்டிய கடமை செல்வர்களுக்கு உண்டுதான்; அது கார் வாங்குகிறவனுக்கும் கல்யாணத்தில் பந்தி வைக்கிறவனுக்கும் அதே அளவில் உண்டு. நம்மை உறுத்த வேண்டிய இடம் வேறு.

லண்டன் ஏல அட்டவணையில் அந்தப் பொற்காசு ஐரோப்பியப் பிரபு ஒருவரின் சேகரிப்பிலிருந்து வந்தது என்று அச்சிட்டிருந்தார்கள். இப்படிக் கைமாறி வந்த வரலாற்றை, அதாவது பொருளின் பூர்வோத்தரத்தை, வாங்குகிறவர்கள் இக்காலத்தில் கேட்கிறார்கள். நல்ல பூர்வோத்தரம் இருந்தால் விலை கூடுகிறது. விலை கூடுவதாலேயே அதையும் போலியாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் காசின் பூர்வோத்தரம் பொய்யென்று அமெரிக்க அதிகாரிகள் கண்டார்கள். ஏல நிறுவனத்தின் தலைவர் 2023 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானார். பின்பு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு மார்ச்சில் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

திருடு போனது கிரேக்க அரசாங்கத்தின் சொத்து, அவ்வளவுதானே என்று நினையாதீர்கள். 1984ஆம் ஆண்டு துருக்கி தேசத்தில் எல்மாலி என்ற ஊருக்கு அருகே, உலோகம் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியோடு சென்றவர்கள் ஒரு புதையலைத் தோண்டினார்கள். சுமார் 1,900 வெள்ளிக்காசுகள். அவற்றில் அத்தேனேயின் பத்துத் திராக்மா காசு மட்டும் 14. அதற்கு முன் அவ்வகைக் காசு உலகம் முழுவதிலும் ஏறத்தாழ ஒரு டஜன்தான் தெரிந்திருந்தது. புதையல் களவாக நாட்டைவிட்டுப் போயிற்று. பெரும்பகுதி அமெரிக்கச் செல்வர்கள் கையில் சேர்ந்தது. துருக்கி வழக்காடி 1999இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. காசுகள் வந்துவிட்டன. ஆனால் அவை மண்ணில் எந்தப் பாத்திரத்தில், எவற்றுக்குப் பக்கத்தில், எந்த வரிசையில் கிடந்தன என்பதை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. புதைத்தவன் யார், எதற்குப் பயந்து புதைத்தான் என்று சொல்லக்கூடிய சாட்சி அந்த மண்தான், அதைக் கலைத்துவிட்டார்கள்.

இதன் மறுபக்கத்தைக் காண நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கைக்கொன்றாய்ச் சிதறிப் போகுமுன் அவற்றை எண்ணி எழுதிவைத்ததால் ஒரு வியப்பான செய்தி தெரிந்தது. பெரும்பாலான காசுகளில் இராயனின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். செல்லாத காசென்று காட்ட வெட்டினார்களா, வேறு காரணமா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இந்தக் காசுகள் ஒவ்வொன்றாய் ஏலத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெட்டுப்பட்ட காசு, பழுதுள்ளது, விலையைக் குறை என்றிருப்பார்கள். ஏலக்கூடத்தில் விலையைக் குறைக்கும் அந்த வெட்டுத்தான், ஒன்றாய்க் கிடந்தபோது புதையலிலேயே மிகவும் பெறுமதியானது.

இனி வாங்குகிறவனிடம் வருவோம். “நான் திருடவில்லை, விளம்பரம் செய்து நடந்த ஏலத்தில் பணம் கொடுத்து வாங்கினேன், எனக்கு ஒன்றும் தெரியாது” என்பான். தெரியாமை குற்றத்தை நீக்கும் என்பது திருச்சபையின் போதனைதான். ஆனால் எந்தத் தெரியாமை? தன் இஷ்டப்படி நடக்கத் தடையாயிருக்குமென்று ஒருவன் வேண்டுமென்றே அறியாமல் இருந்துகொண்டால், அந்த அறியாமை அவனைக் காப்பாற்றாது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். பிறர் பொருளை வைத்திருப்பவர்களை நம் ஒழுக்கநூலார் மூவகையாகப் பிரிப்பார்கள். நல்லெண்ணத்தோடு வைத்திருப்பவன், சந்தேகத்தோடு வைத்திருப்பவன், களவென்று அறிந்தே வைத்திருப்பவன். முதலாமவன் உண்மை தெரிந்தவுடன் உரியவனுக்குக் கொடுத்துவிட்டு, தான் கொடுத்த பணத்தை விற்றவனிடம் கேட்கலாம். மூன்றாமவன் நிலை ஏழாம் கற்பனை படித்த பிள்ளைக்கும் தெரியும். இரண்டாமவன்தான் காசு வியாபாரத்தில் அதிகம். அவன் கடமை விசாரிப்பது. விசாரித்த பிறகே வாங்குவது.

காசு சேர்ப்பவர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. காசு சிலையைப் போன்றதல்ல. லட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டு, கடல் கடந்து, நாடு நாடாய்ப் புழங்கியது. ரோமக் காசு கோயமுத்தூரிலும் கரூரிலும் கிடைக்கவில்லையா? ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக அதைச் சேர்க்கிறார்கள். பாட்டன் பெட்டியில் கிடந்த காசுக்கு யார் ரசீது வைத்தார்கள்? ஆகவே கடிதம் இல்லாத காசெல்லாம் களவுக் காசென்று தீர்ப்பிடுவது அநியாயம் என்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டன் பெட்டியிலிருந்து வந்த தேய்ந்த செப்புக்காசும், இதுவரை யாரும் கண்டிராத அபூர்வப் பொற்காசு திடீரென்று மேசைமேல் வந்து நிற்பதும் ஒன்றாகுமா? ஒரே வகைக் காசு ஒரே மண்கறையோடு பத்து இருபதாய்ச் சந்தைக்கு வரும்போது, புதிதாய் ஒரு புதையல் தோண்டப்பட்டிருக்கிறது என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாதா? சந்தேகத்துக்கு இடம் எவ்வளவோ, அவ்வளவு விசாரணையும் வேண்டும்.

மனச்சாட்சியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் வழக்கு நான் வேறு அறியேன்: 2012 ஜனவரியில் நியூயார்க்கில் காசு வியாபாரிகள் கூடியிருந்த இடத்தில் ஒரு மருத்துவர் கைதானார். காசுகளில் பெரிய நிபுணர். சிசிலித் தீவின் பழங்காசுகள் மூன்றை, அண்மையில் களவாய்த் தோண்டியவை என்று நம்பிக்கொண்டே விற்கப் பார்த்தார். பிறகு பரிசோதித்தபோது மூன்றும் போலி! களவுப் பொருளே அங்கில்லை. ஆனாலும் களவுப் பொருளை வைத்திருக்க முயன்றதாக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதத்தோடு 70 மணிநேரச் சமூகப்பணியும், பூர்வோத்தரம் இல்லாத காசு வியாபாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவதும் அவருக்குத் தண்டனையாயின. கையில் இருந்தது திருட்டுக் காசா இல்லையா என்பதல்ல, திருட்டென்று நம்பியும் கை நீட்டினான் என்பதே குற்றம் என்று உலக நீதிமன்றமே சொல்லிற்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் கேட்டுப் பழகியதும் இதுவே.

உங்களில் யாரும் 31 கோடிக்குக் காசு வாங்கப் போவதில்லை. ஆனால் வாய்க்கால் வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு அகப்படலாம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தட்டானிடம் கொண்டுபோய் உருக்கிவிடாதீர்கள்.

திருநாட்டுக்கு யாத்திரை போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எருசலேமில் “கைம்பெண்ணின் காசு” என்று ஒரு கிராம் எடையும் தேறாத சிறு செப்புக்காசுகளைக் கடைகளில் விற்பார்கள். அலெக்சாண்டர் யன்னேயு என்ற யூத அரசன் காலத்துக் காசுகளே பெரும்பாலும் அவை. ஏராளமாய்க் கிடைப்பதால் விலை சொற்பம், போலிகளும் உண்டு. ஜெபமாலையோடு சேர்த்து ஒன்றை வாங்கிவர உங்களுக்கு ஆசை வரும், வரட்டும். தெருவில் கைநிறையக் காட்டுகிறவனிடம் வாங்காதீர்கள். அந்நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே போய், காசு எங்கிருந்து வந்ததென்று கேளுங்கள். ரசீதும், நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டும் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் காசை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.