சாமிக்குத் திரை போடுறோம், மனுஷனுக்கு?

ஓம் சரவணபவ! 

ஆடிக்கிருத்திகையை ஒட்டி நம்ம குழுவுல ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, இந்த வருஷம் காவடி எடுக்காம, ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு இல்லத்துல போய் தொண்டு செய்யலாம்னு இருக்கோம். மனவளர்ச்சி குன்றின பெரியவங்க தங்கியிருக்கற இல்லம். அதுவும் முருகனுக்குச் செஞ்ச வழிபாடு ஆகுமா?"

"ஆகும் தம்பி, போயிட்டு வாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். ஆனா அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. நாம யாருக்காகப் போறோம்? நம்ம புண்ணியத்துக்காகன்னா, அங்க இருக்கறவங்க நமக்கு ஏறிப் போற படிக்கட்டு ஆயிடுறாங்க. ஒரு மனுஷனைப் படிக்கட்டா மிதிச்சு ஏறினா, மேல முருகன் இருப்பானா?

இதுக்குப் பதில் வள்ளியம்மை கதையிலேயே இருக்கு. ஜமுனாமரத்தூர் போனவங்களுக்குத் தெரியும், மலையாளி பழங்குடி மக்கள் இன்னைக்கும் சாமை விதைச்சு அறுக்கற மண் அது. வள்ளியம்மையும் இப்படி ஒரு மலையில தினைப்புனம் காத்த பொண்ணுதான். முருகன் கிழவர் வேஷத்துல போய் "பசிக்குது"ன்னார். தேனும் தினைமாவும் கொடுத்தாங்க. தாகம்னதும் சுனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வந்திருக்கறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. "இவர் சாமியா இருப்பாரோ, புண்ணியம் வருமோ"ன்னு கணக்குப் போடல. பசிச்ச கிழவர், அவ்வளவுதான். அதே கிழவர் எல்லை மீறிப் பேசினதும் கோபப்பட்டு விலகினாங்க. அவரைத் தெய்வமாவும் பார்க்கல, பாவமாவும் பார்க்கல. மனுஷனாப் பார்த்தாங்க.

நாம அப்படியா போறோம்? "இவங்க கடவுளின் குழந்தைகள்"னு சொல்லிக்கிட்டே உள்ள நுழையறோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அறிவுசார் குறைபாடுன்னா, கத்துக்கறதும் புரிஞ்சுக்கறதும் தினசரி வேலைகளைத் தானே பார்த்துக்கறதும் சின்ன வயசிலேர்ந்தே கஷ்டமா இருக்கறது. அது மனநோய் இல்ல, வயசு நின்னு போறதும் இல்ல. நாற்பது வயசு அண்ணனுக்கு நாற்பது வருஷத்து ஆசை, கோபம், வெட்கம், அம்மா செத்துப்போன துக்கம் எல்லாம் இருக்கு. அவரைக் கன்னத்துல கிள்ளி "செல்லம்"னு கூப்பிடுறது அன்பு இல்ல, மரியாதைக் குறைவு. மெதுவாத் தானே சாப்பிடுறவருக்கு ஆசையா நாம ஊட்டிவிட்டா, பல மாசம் பழகி அவர் கத்துக்கிட்டதை அஞ்சு நிமிஷத்துல கெடுக்கறோம்.

கோயில்ல பாருங்க. அபிஷேகம் முடிஞ்சு அலங்காரம் பண்ணும்போது திரை போடுறோம். கல்லுல இருக்கற முருகனுக்கே அந்த மரியாதை கொடுக்கத் தெரிஞ்ச பரம்பரை நாம. மூலவரைப் போட்டோ எடுக்கக் கூடாதுன்னும் நமக்குத் தெரியும். ஆனா இல்லத்துல ஒருத்தருக்குத் துணி மாத்தும்போது கதவைச் சாத்தறோமா? பிறந்தநாள் கேக்கை அவர் வாயில வச்சு எடுத்த போட்டோவை, அவரைக் கேட்காமலே ஸ்டேட்டஸ்ல போடுறோம். அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா அதுவும் ஒரு பதில்தான். "வேணாம்"னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கு.

அடுத்தது, தொண்டு செய்யறவங்களைச் சாமி ஆக்கற பழக்கம். 1964ல பிரான்ஸ் நாட்டுல ஜான் வானியேங்கறவர் பெரிய விடுதியில அடைபட்டுக் கிடந்த ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து, ஒரே வீட்டுல அவங்களோட வாழ ஆரம்பிச்சார். 'லார்ஷ்'ங்கற அந்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவுச்சு. பெங்களூர்லயும் சென்னையிலயும் 'ஆஷா நிகேதன்'ங்கற பேர்ல வீடுகள் வந்துச்சு. பார்த்துக்கறவங்களும் பார்த்துக்கப்படுறவங்களும் ஒரே மேசையில சாப்பிடணும்ங்கறது அங்க அடிப்படை. எவ்வளவு நல்ல எண்ணம்! உலகமே அவரை மகான்னு கொண்டாடுச்சு. 2019ல அவர் இறந்தார். அப்புறம் அந்த அமைப்பே விசாரணை வச்சு, தன்கிட்ட ஆன்மிக வழிகாட்டுதல் தேடி வந்த பெண்கள்கிட்ட அவர் பாலியல் ரீதியா அத்துமீறினதை வெளியிட்டுச்சு. 2023 அறிக்கைப்படி குறைஞ்சது 25 பெண்கள். ஒரே மேசையில சாப்பிடணும்ங்கற எண்ணம் இதனால பொய்யாகல. ஆனா தொண்டு செய்யறதாலேயே ஒருத்தர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆயிட மாட்டார். இது நமக்கும் பொருந்தும்.

நம்ம ஊர்லயும் மறக்கக் கூடாத விஷயங்கள் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சது. குணமாகும்னு நம்பி உறவுக்காரங்க விட்டுட்டுப் போன மனநோயாளிகள் சங்கிலியில கட்டிக் கிடந்தாங்க. 28 பேர் இறந்தாங்க. 2023 பிப்ரவரியில விழுப்புரம் மாவட்டத்துல, அனுமதி இல்லாம நடந்த ஒரு இல்லத்திலேர்ந்து நூத்துக்கும் மேல ஆட்களை அதிகாரிகள் மீட்டாங்க. வெளியாள் வந்து போகாத இடத்துலதான் இருட்டு சேருது. அதனால மாசாமாசம் வர்ற, பேர் சொல்லிக் கூப்பிடுற, "அவரைப் போன மாசம் பார்த்தேனே, இன்னைக்கு எங்கே?"ன்னு கேட்கற ஒரு ஆள், கேக்கும் பிரியாணியும் தராத பாதுகாப்பைத் தர்றார்.

பெத்தவங்களோட பெரிய பயமும் அதுதான்: "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?" 18 வயசு ஆயிட்டா அப்பா அம்மாவுக்கே சட்டப்படி பாதுகாவலர்ங்கற உரிமை தானா தொடராது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999ன்படி, கலெக்டர் இடம்பெற்ற மாவட்டக் குழுகிட்ட விண்ணப்பிக்கணும். மலைக் கிராமத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு, விறகு தூக்கிக்கிட்டு, ஊரே பேர் தெரிஞ்சு வச்சிருக்க வாழற ஒருத்தர், அம்மா போனதும் கீழ இருக்கற இல்லத்துக்கு வரும்போது மலையையே இழக்கறார். மலையில எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல வரல. ஆனா வர்றவர் வெறும் வயித்தோட மட்டும் வரல, ஒரு வாழ்க்கையோட வர்றார். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு ஆள் வேணும்.

அதனால தம்பி, போறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க:

1. இல்லம் அரசுல பதிவு பெற்றதான்னு கேளுங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிக்கலாம்.
2. என்ன தேவைன்னு முதல்ல கேளுங்க. சாப்பாட்டைவிடத் துணி துவைக்க, காய் நறுக்க, ஆஸ்பத்திரிக்குத் துணையாப் போக ஆள் தேவைப்படலாம்.
3. "நீங்க, வாங்க, அண்ணா, அக்கா"ன்னு பேசுங்க. பேரைக் கேட்டு ஞாபகம் வச்சுக்கோங்க.
4. அவங்களுக்காகச் செய்யாதீங்க, அவங்களோட சேர்ந்து செய்யுங்க. அவர் அஞ்சு நிமிஷம் எடுத்தா, காத்திருங்க.
5. போட்டோ வேண்டாம்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். காவடிக்குப் பதிலா இல்லம்னு ஏன் நினைக்கணும்? காவடி தூக்கற நாள் ஒண்ணு, அதுக்கு முன்னாடி விரதம் பல நாள். வருஷம் ஒரு நாள் போய் அழுதுட்டு வர்றது விரதம் இல்லாத காவடி மாதிரி. கிருத்திகை மாசாமாசம் வருது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒரே இல்லத்துக்கு, ஒரே ஆளைப் பார்க்கப் போங்க. ஆறாவது மாசம் அவர் உங்களைத் திட்டலாம், "ஏன் லேட்டு?"ன்னு கேட்கலாம். அப்போ நீங்க புண்ணியக் கணக்கை மறந்திருப்பீங்க. வள்ளியம்மை தினைமாவு கொடுத்ததும் கணக்கு இல்லாத அந்த மனசோடதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!