சோர்ந்த மனசுக்கும் ஒரு தாங்கல்

"உகப்படிப்பில் நின்றாலும் மனசு ஒட்டவில்லை, பக்தி குறைந்துவிட்டதோ?" என்று தாய்மார் சிலர் கலங்குகிறார்கள். குறைந்தது பக்தி அல்ல தாயே, மனசு களைத்திருக்கிறது.

பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். காலையில் தட்டை மடியில் வைத்தால், பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும்வரை ஓய்வில்லை. இடையில் சமையல், பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் மாமியார். உடம்புக் களைப்பு ஓர் இரவு தூங்கினால் தீரும். எல்லோருக்கும் கொடுத்து வறண்ட மனசு தூங்கினாலும் தெளியாது. சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வரும். அழ வேண்டிய இடத்தில் அழுகை வராது. அவர் ஓய்வு கேட்டால் அது தன்னலமா?

அகிலத்திரட்டு சொல்வதை நினையுங்கள். கொல்லம் 1008 (1833) மாசியில், நோயில் படுத்திருந்த மகனைத் தாயார் வெயிலாளும் உறவினரும் திருச்செந்தூருக்குக் கொண்டு போனார்கள். உலகைத் தாங்க வந்தவரின் உடலை முதலில் பிறர் தாங்கினார்கள். தாங்கப்படுவது இழிவென்றால் அந்த வழியிலா அய்யா வருவார்? நாம் கும்பிடும் இடத்துக்கும் நிழல் தாங்கல் என்றுதானே பெயர்!

எளியவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா போதித்தார். சில நாள் அந்த எளியவர் நாமாகவே இருப்போம். பள்ளியறைக் கண்ணாடியில் தெரியும் வாடிய முகமும் அய்யா குடியிருக்கும் இடமே. அதை வாடவிட்டுச் செய்யும் பணிவிடை எப்படி நிறைவாகும்?

கோடையில் குற்றாலப் பேரருவியில் வெறும் பாறைதான் தெரியும். ஆனி, ஆடியில் மலைமேல் மழை இறங்கினால்தான் அருவி விழும். பாறையை வைது தண்ணீர் வருமா? மனசையும் வையாதீர்கள், அதற்கும் மழை வேண்டும்.

பாரத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். நோயாளியைப் பார்ப்பதில் முறை மாற்றிக்கொள்ளுங்கள். அன்னதர்மத்தன்று கரண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்களும் பந்தியில் உட்காருங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ள வேண்டாம். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் இரவும் பகலும் பேசலாம். அது நம்பிக்கைக் குறைவல்ல.

வீட்டிலுள்ள மற்றவர்களே, அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பதியில் செய்யும் பணிவிடையைப் போலவே, சோர்ந்தவர் கையிலிருந்து பீடித் தட்டை வாங்கி வைப்பதும் பணிவிடைதான்.

அய்யா துணை. அய்யா உண்டு!