பூச்சாடி முருகை

நமது ஊர்களில் முருகைக்கல் என்றால் அது வேலிக்கும் வீட்டுக்கும் உரிய பொருள். நெடுந்தீவில் வளவுகளைப் பிரிப்பவை முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள். கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் அதைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அது ஓர் உயிர் கட்டிய கூடு என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம், அவ்வளவுதான். மெல்பேர்ணுக்கும் சிட்னிக்கும் வந்த பிறகு, யாரோ ஒருவரின் விருந்தறைக் கண்ணாடித் தொட்டிக்குள் அது அசைவதைக் கண்டபோதுதான் நம்மில் பலர் அதை உயிராகப் பார்த்தோம்.

அப்படி அசைவனவற்றில் மிக அழகானது பூச்சாடி முருகை. கோனியோபோரா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். கல்லிலிருந்து நீண்ட தண்டுகளாகப் பொலிப்புகள் எழும். ஒவ்வொன்றின் நுனியிலும் 24 பரிசக்கொம்புகள், செவ்வந்தி விரிந்தாற்போல. குயின்ஸ்லாந்துக் கடலில் உரிமம் பெற்ற சுழியோடிகள் இதைக் கையால் எடுக்கிறார்கள். சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆகவே சட்டம் பற்றிய கேள்வி இங்கில்லை.

கேள்வி வேறு. பல பத்தாண்டுகளாக இந்த முருகை தொட்டிகளில் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் செத்தது. அதுவும் மெதுவாக. முதல் மாதங்களில் தாராளமாக விரிந்தாடும், பார்ப்பவர் மகிழ்வர். பின்னர் ஒரு பக்கத்துத் தண்டுகள் குறுகும், அடியில் வெள்ளை எலும்பு தெரியும். அனுபவசாலிகள் புதியவர்களிடம் இதை வாங்காதீர்கள் என்றே சொல்லி வந்தார்கள். ஆயினும் கடைகளில் அது விற்றது. செத்ததன் இடத்தில் இன்னொன்று வைக்கப்பட்டது.

காரணங்களில் முக்கியமானது பட்டினி என்று இன்று பலரும் ஏற்கின்றனர். தசைக்குள் வாழும் பாசி வெளிச்சத்திலிருந்து செய்து கொடுக்கும் உணவு இதற்குப் போதாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் வேண்டும். இதன் இனங்கள் பல, கலங்கல் நீரிலும் சேற்றுத் தரையிலும் வாழ்பவை. நல்ல வளர்ப்பாளரோ நுரையெழுப்பும் கருவி வைத்து நீரைப் பளிங்காக்குகிறார். அவர் துப்புரவு கூடக்கூட அது பசியால் வாடுகிறது. அவரிடம் அன்பில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பு தனக்கு எது நல்லதெனப் பட்டதோ அதையே கொடுத்தது. அகதிக் குடும்பங்களுக்கு இந்த வகை அன்பு புதிதல்ல.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. நுண்ணிய உணவு ஊட்டுவதும், இரும்பும் மங்கனீசும் சிறிதளவு சேர்ப்பதும் உதவுவதாக வளர்ப்போர் கண்டார்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகள் பச்சையை விடத் தாக்குப்பிடிக்கின்றன. துண்டு வெட்டியும் வளர்க்கிறார்கள். செத்தவை இல்லாவிட்டால் இந்த அறிவு வந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வந்திராதுதான். ஆனால் அன்று வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிய வேண்டுமென்று வாங்கினார்கள்? என்ன ஊட்டினோம், எப்போது சுருங்கியது என்று கொப்பியில் குறித்து வைத்தவரையும், வெற்றிடத்தை அடுத்த சனிக்கிழமை நிரப்பியவரையும் நாம் ஒரே தட்டில் நிறுக்க மாட்டோம்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. கடலே இப்போது பாதுகாப்பானதல்ல. 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று பெருந்தடுப்பு முருகைத்தொடர் வெப்பத்தால் பரவலாக வெளிறியது. அப்படியானால் தொட்டி ஒரு புகலிடம் அல்லவா? புகலிடம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் கவனமாகவே கேட்போம். தப்பி வந்தவருக்குத்தான் அது புகலிடம். பெயர்த்து எடுத்து வரப்பட்டதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. தவிரவும், இந்தப் புகலிடம் ஒரு மின்கம்பியில் தொங்குகிறது. 2009 ஜனவரி 30 அன்று, 43 பாகையைத் தாண்டிய மூன்றாம் நாளில், மெல்பேர்ணின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. தொட்டி வைத்திருப்போருக்கு அதன் பொருள் புரியும்.

ஒரேயடியாக வளர்க்கக் கூடாது என்று சொல்லவும் தயங்குகிறோம். கோனியோபோரா ஸ்டோக்சி என்ற இனம் தன் தசையிலேயே சிறு உருண்டைகளாகக் குஞ்சுகளை வளர்த்து, எலும்போடு கழன்று விழ விடும். தொட்டியில் அப்படி விழுந்த குஞ்சுக்குக் கடல் தெரியாது. அதை எவரிடமிருந்தும் பறித்ததாகச் சொல்ல முடியாது. எனவே கடைக்காரரிடம் கேட்கலாம்: இது கடலிலிருந்து எடுத்ததா, தொட்டியில் வளர்ந்ததா? தெரியாது என்று அவர் சொன்னால், வெறுங்கையோடு வீட்டுக்கு வரலாம்.