நினைவு போனபின் எஞ்சியவர்

1953 செப்டம்பர் 1. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்பு அவருக்கு. அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், இரு பொட்டுகளுக்கும் உட்புறமாக இருந்த மூளைத் திசுவை உறிஞ்சி எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008 டிசம்பரில் இறக்கும்வரை, புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் மொலைசனின் மனதில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு எடுத்தார்கள்? 8 செ.மீ. நீளம் என்று ஸ்கோவில் மதிப்பிட்டிருந்தார். 1990களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 5 செ.மீ.தான் இருந்தது. தன் கையாலேயே எடுத்தவரின் கணிப்பு அவ்வளவு பிசகியிருந்தது.

ஸ்கேனை அளக்கும் மென்பொருளிலும் பிசகுக்கு இடமுண்டு. ஸ்கேன் படம் என்பது சின்னஞ்சிறு கனசதுரங்களின் அடுக்கு. காயத்துக்குள் விழும் கட்டங்களை எண்ணி, ஒரு கட்டத்தின் கனஅளவால் பெருக்கினால் காயத்தின் கனஅளவு வந்துவிடும். எண்ணுவது எளிது, காயம் எங்கே முடிகிறது என்று கோடு போடுவதுதான் பாடு. விளிம்பில் நல்ல திசுவும் கெட்ட திசுவும் ஒரே கட்டத்துக்குள் கலந்து கிடக்கும். 2 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் காயத்தின் கனஅளவு 4.2 மி.லி. கோட்டைச் சுற்றிலும் 1 மி.மீ. தள்ளிப் போட்டால் 5.6 மி.லி. மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது!

எண் சரியாகவே கிடைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. போனது நினைவு மட்டுமா, அந்த மனிதருமா?

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், ஒருவரின் உணர்வும் நினைவும் எட்டும் தூரமே அவருடைய 'நான்' என்றார். அந்தக் கணக்கில் நேற்றைய மொலைசன் வேறு, இன்றைய மொலைசன் வேறு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் உயிர் அல்ல. அரசனுக்கு அமைச்சர்போல உயிருக்குத் துணை நிற்பவை. அமைச்சர் ஒருவர் போனால் ஆட்சி முடங்கலாம். அரசனே இல்லை என்று ஆகிவிடாது.

உயிர் உண்டு என்பதற்கு மொலைசன் சாட்சி அல்ல. ஸ்கேன் அதற்கான கருவியும் அல்ல. ஆனால் லாக்கின் வரையறை அவர் முன்னால் தடுமாறுகிறது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை மூன்று நாள் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளும் அது அவருக்குப் புது வேலை. கையோ நாளுக்கு நாள் தேறியது! சாந்தமும் மரியாதையும் நகைச்சுவையும் கடைசிவரை அவரோடு இருந்தன. தன்னைச் சோதிப்பதால் பிறருக்குப் பயன் கிடைத்தால் சரி என்பதை, முன்பு சொன்னதே தெரியாமல், திரும்பத் திரும்பச் சொன்னார். யார் அதைச் சொன்னது? அதே மொலைசன்தான் என்பதைத் தவிர வேறு விடை பொருந்தவில்லை.

2009இல் சான் டியேகோவில் அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டி மீண்டும் அளந்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் திசு கணிசமாக மிஞ்சியிருந்தது அப்போது இன்னும் தெளிவானது.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் ஸ்கேன் அறிக்கையில் காயம் இத்தனை மி.லி. என்று எழுதியிருந்தால், மருத்துவரிடம் அதன் பொருளைக் கேளுங்கள். 'இனி இவர் பழைய ஆள் இல்லை' என்று அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.